கூந்தலுக்கு ஒரு பிடி மாவு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. தண்ணீர் ஊற்றாமல், மாவைத் தூவித் தலைமுடியின் பிசுக்கைப் போக்கும் 'உலர் ஷாம்பூ' பற்றியது. "இதற்கும் ஒரு சரித்திரமா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அந்தச் சரித்திரத்தில் மன்னர்கள் வருகிறார்கள். ரொட்டிக்கு வழியில்லாத ஏழைகளும் வருகிறார்கள். பாட்னாவில் பிறந்து கப்பலேறிய ஓர் இளைஞர் வருகிறார். கடலூர்க்காரர் ஒருவரும் வருகிறார். ஆனால், நாம் இதைத் தேடிப் படிக்க நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. சிலாங்கூரில் பல இடங்களில் நீர்ப் பங்கீடு வந்தது. நாம் அப்போது ஒரு தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கற்றுக்கொடுத்தபடி, திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளின் நகம், பல், தலை ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். ஒரு சிறுமியின் நீண்ட பின்னலில் பிசுக்கு ஏறி, வாடையும் வந்தது. "தலைக்குக் குளிக்காமல் பள்ளிக்கு வரலாமா?" என்று வகுப்பின் முன்னால் கேட்டுவிட்டோம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் பாட்டி கையைப் பிடித்து அழைத்து வந்தார். இடுப்பு வரை இருந்த கூந்தல் கழுத்தோடு நின்றது.

"அவளே கத்திரிக்கோல எடுத்து வெட்டிக்கிட்டா டீச்சர். ரெண்டு நாளா பைப்புல தண்ணி இல்ல. அண்டாவுல புடிச்சு வெச்சது குடிக்கவும் ஆக்கவுமே பத்தல. அவ அம்மா விடியுமுன்ன பெரட்டுக்குப் போறவ. பிள்ள என்னாங்க செய்யும்?" என்றார் பாட்டி. அவர் குரலை உயர்த்தவில்லை. நமக்குத்தான் பதில் வரவில்லை.

அன்று மாலை நம் மனத்தில் எழுந்த கேள்வி இதுதான்: தண்ணீர் இல்லாத நாளில் மனிதர்கள் தலையை எப்படிப் பேணினார்கள்? அதற்கு விடை தேடியபோது கிடைத்தவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் பிசுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தலைத்தோலில் ஒவ்வொரு முடியின் வேரருகிலும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. அது சுரக்கும் எண்ணெய் முடியையும் தோலையும் வறண்டுவிடாமல் காக்கிறது. அது தேவையான எண்ணெய்தான். ஆனால் நாள் செல்லச் செல்ல அதில் தூசி ஒட்டுகிறது, வியர்வை கலக்கிறது, முடி திரிதிரியாக ஒட்டிக்கொள்கிறது. கித்தாத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களுக்கு ஒட்டுப்பால் வாடையும் இதோடு சேர்ந்துகொண்டது. தலையில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன நம் தாய்மார்கள் இதை நன்கு அறிவார்கள்.

நம் முன்னோர் இதற்குச் சீயக்காயை வைத்திருந்தார்கள். பூந்திக்கொட்டை, அரப்பு இலைத் தூள் ஆகியவையும் பயன்பட்டன. இவற்றில் 'சப்போனின்' என்னும் பொருள் உள்ளது. அது தண்ணீரில் நுரைத்து எண்ணெயைக் கழுவிச் செல்லும். ஆனால் இவை யாவும் தண்ணீரை நம்பியவை. முழுக்குக்குப் பிறகு ஈரக் கூந்தலைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்துவதும் நம் வழக்கம். புகை மணத்தைத் தரும், பிசுக்கைப் போக்காது. ஆகவே தண்ணீரில்லாமல் பிசுக்கைப் போக்கும் முறையைத் தேடினால், நாம் மேல்நாட்டுப் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்குப் போவோம். அங்கே உயர்குடியினர் தலையில் மாவு பூசிக்கொண்டார்கள். ஆணும் பெண்ணும் பொய்முடி அணிந்து, அல்லது சொந்த முடியில் கொழுப்புக் களிம்பைத் தடவி, அதன்மேல் வெண்பொடியைத் தூவினார்கள். அந்தப் பொடியில் பெரும்பகுதி கோதுமையிலிருந்து எடுத்த மாச்சத்து. ஐரிஸ் என்னும் செடியின் கிழங்கைக் காயவைத்து இடித்த நறுமணப் பொடியையும் அதில் கலப்பார்கள். தலைமுடியைத் தண்ணீரில் அலசுவது அக்காலத்தில் அங்கே அரிதான செயல். மாவு எண்ணெயை உறிஞ்சியது; வாடையை மறைத்தது; வெள்ளை முடி மதிப்புக்குரிய கோலம் என்ற எண்ணத்துக்கும் பொருந்தியது. இன்றைய உலர் ஷாம்பூவின் பாட்டி என்று இந்தப் பொடியைச் சொல்லலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோதுமை என்பது தலைக்குத் தூவப் பிறந்த பொருளன்று, அது உணவு. 1794, 1795 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் விளைச்சல் குறைந்தது. பிரான்சோடு போரும் நடந்துகொண்டிருந்தது. ரொட்டியின் விலை ஏறியது. பல ஊர்களில் பட்டினி பொறுக்காத மக்கள் கலகம் செய்தார்கள். ஏழையின் தட்டில் ரொட்டி இல்லாதபோது பிரபுவின் தலையில் மாவா என்ற கேள்வி எழுந்தது.

போருக்குப் பணம் தேடிய பிரதமர் வில்லியம் பிட், 1795ஆம் ஆண்டில் முடிப்பொடிக்கு வரி விதித்தார். பொடி பூசிக்கொள்ள விரும்புவோர் ஆண்டுக்கு ஒரு கினி செலுத்திச் சான்றிதழ் பெற வேண்டும். ஒரு கினி என்பது 21 ஷில்லிங். அன்றைய பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கு அது இரண்டு வாரக் கூலிக்கும் மேல். வரி கட்டிப் பொடி பூசியவர்களை மக்கள் 'கினிப் பன்றிகள்' என்று கேலி செய்தார்கள். பெட்ஃபர்டு கோமகனும் அவருடைய நண்பர்களும் வரியைக் கட்ட மறுத்து முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மாவு பூசும் நாகரிகமே மறைந்தது. சட்டம் மட்டும் ஏட்டில் இருந்து, 1869ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

இந்தப் பகுதியைப் படித்தபோது நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொன்ன ஜப்பான் காலக் கதைகள் நினைவுக்கு வந்தன. 1942 முதல் 1945 வரை அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே பல வீடுகளில் சோறாக இருந்தது. அந்தக் கிழங்கில் இருப்பதும் மாச்சத்துத்தான். அந்த நாளில் ஒருவர் மரவள்ளி மாவைத் தலையில் தூவியிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? இங்கிலாந்து ஏழையின் கோபம் நமக்கு எளிதில் புரிகிறதல்லவா?

இனி 'ஷாம்பூ' என்ற சொல்லுக்கு வருவோம். இது ஆங்கிலச் சொல் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். மலாயில் 'ஷம்பு' என்கிறோம். உண்மையில் இது இந்தியாவிலிருந்து போன சொல். இந்தியில் 'சாம்போ' என்றால் 'அழுத்திப் பிடித்துவிடு' என்று பொருள். அதாவது உடம்பு பிடித்துவிடுவதைக் குறித்த சொல் அது.

இந்தச் சொல்லை இங்கிலாந்தில் பெரிதும் பரப்பியவர் தீன் முகமது என்பவர். 1759இல் பாட்னாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே கம்பெனிப் படையோடு சேர்ந்து ஊர் ஊராகச் சென்றவர். 1784இல் அயர்லாந்தின் கார்க் நகரை அடைந்தார். 1794இல் தம் பயணங்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அதுதான் என்பர். 1810இல் லண்டனில் இந்திய உணவுக்கடை ஒன்றைத் திறந்தார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. கையிலிருந்த பணம் கரைந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. பிரைட்டன் என்னும் கடற்கரை ஊருக்குச் சென்று, மூலிகை நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் சேர்ந்த ஒரு குளியலகத்தை நடத்தினார். அந்தச் சிகிச்சைக்கு அவர் வைத்த பெயர்தான் 'ஷாம்பூயிங்'. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கும் அவர் 'ஷாம்பூ வைத்தியர்' என்று நியமனம் பெற்றார். 1851இல் பிரைட்டனிலேயே காலமானார். அவருக்குப் பின், அந்தச் சொல் மெல்ல மெல்ல உடம்பை விட்டுத் தலைக்கு ஏறி, முடி கழுவுவதை மட்டும் குறிக்கலாயிற்று.

அடுத்து ஜெர்மனி. 1898இல் பெர்லின் நகரில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப் என்ற வேதியியல் அறிந்த வணிகர் ஒரு மருந்துச் சரக்குக் கடை நடத்தினார். அக்காலத்தில் மக்கள் சோப்பைச் சீவித்தான் தலையைக் கழுவினார்கள். அது முடியில் வெள்ளைப் படிவை விட்டுச் சென்றது. அவர் 1903இல் தண்ணீரில் கரையும் ஷாம்பூத் தூளைச் சிறு பொட்டலங்களாக விற்கத் தொடங்கினார். ஒரு பொட்டலம் 20 பென்னிக். பெரிய புட்டி வாங்க முடியாதவரும் ஒரு தலைமுழுக்குக்கு வேண்டியதை மட்டும் வாங்கலாம். அது தூள்தான் என்றாலும் உலர் ஷாம்பூ அன்று. அதற்குத் தண்ணீர் தேவை. 1927இல் அவருடைய நிறுவனம் திரவ ஷாம்பூவைக் கொண்டுவந்தது. 1934இல் அமெரிக்காவில் 'டிரீன்' என்ற ஷாம்பூ வந்தது. அது சோப்பு இல்லாமல் செயற்கைச் சலவைப் பொருளால் ஆனது. இன்று நாம் வாங்கும் ஷாம்பூக்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதாம்.

உண்மையான உலர் ஷாம்பூ 1940களில் அமெரிக்கக் கடைகளில் பெயர் பெற்றது. 'மினிப்பூ' என்று ஒரு தூள் விற்பனையானது. தலையில் தூவி, சற்று நேரம் பொறுத்து வாரிவிட்டால் போதும் என்று விளம்பரம் செய்தார்கள். நோயில் படுத்திருப்பவர்கள், நேரமில்லாதவர்கள் ஆகியோரை எண்ணி விற்ற பொருள் அது. பிரபுக்களின் அலங்காரமாக இருந்த பொடி, இப்போது வேலைக்குப் போகும் பெண்ணின் கைக்கும் நோயாளியின் படுக்கைக்கும் வந்து சேர்ந்தது.

அதே காலத்தில் இன்னொரு கண்டுபிடிப்பும் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படைவீரர்களை மலேரியாக் கொசு வாட்டியது. குட்ஹியூ, சலிவன் என்ற இரு அறிவியலாளர்கள், அமுக்கிய வாயுவின் விசையால் பூச்சிமருந்தைப் பனிபோல் பீய்ச்சும் இரும்புக் குப்பியை உருவாக்கினார்கள். போர் முடிந்ததும் அந்தக் குப்பி வீட்டுக்குள் வந்தது. கொசு மருந்து, வாசனைத் திரவியம், முடிக்கான மருந்துகள் யாவும் அதில் அடைபட்டன. உலர் ஷாம்பூவும் தகர டப்பாவை விட்டுக் குப்பிக்குள் புகுந்தது. அத்தோடு விலையும் ஏறியது.

விலை என்றதும் நமக்குக் கடலூர் சின்னிகிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். வசதியுள்ளவர் வாங்கும் பொருளைக் கூலி வேலை செய்பவரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஷாம்பூவைச் சின்னஞ்சிறு நெகிழிப் பைகளில் அடைத்து விற்கும் முறையைத் தமிழ்நாட்டில் தொடங்கி வைத்தவர்களில் அவர் முன்னோடி. அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கி, அந்தச் சிறு பையைக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார். பெர்லினில் 20 பென்னிக்குக்கு விற்ற பொட்டலத்தின் தத்துவமும் இதுதான். ஒரு பொருள் ஏழைக்கு எட்ட வேண்டுமானால், அதை ஏழையின் அன்றாடக் காசுக்கு ஏற்ற அளவில் தர வேண்டும்.

நேயர்களே, குப்பிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில், பெயர்பெற்ற சில உலர் ஷாம்பூக் குப்பிகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் 'பென்சீன்' என்ற பொருள் கலந்திருக்கலாம் என்பதே காரணம். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மாவில் பென்சீன் இல்லை. அதைப் பீய்ச்சும் பெட்ரோலிய வாயுவின் வழியாக அது வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது.

அந்தப் பெயரில் ஒரு வியப்பு உண்டு. நம் சாம்பிராணி என்பது சுமத்திராக் காடுகளில் வளரும் மரங்களின் பிசின். மலாய்க்காரர்கள் அதைக் 'கெமெஞான்' என்பார்கள். அரபு வணிகர்கள் அதற்கு 'லுபான் ஜாவி' என்று பெயரிட்டார்கள். சாவகத்து நறும்பிசின் என்பது அதன் பொருள். அந்தப் பெயர் ஐரோப்பிய நாவில் உருண்டு 'பென்சோயின்' ஆயிற்று. 1830களில் மிட்ஷர்லிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், அந்தப் பிசினிலிருந்து கிடைக்கும் அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி ஒரு திரவத்தை வடித்தார். அதற்கு வந்த பெயரே 'பென்சீன்'. பெயரில்தான் இந்த உறவு. சாம்பிராணியும் பென்சீனும் வெவ்வேறு பொருள்கள். இருந்தாலும் எந்தப் புகையையும் மூடிய அறையில் பிள்ளைகள் மூச்சில் இழுக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் குப்பி வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. சோள மாவு, ஆரோரூட்டு மாவு, மரவள்ளி மாவு ஆகிய மூன்றில் எது இருந்தாலும் போதும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு பொட்டலம் பல மாதம் வரும். இது வேலை செய்யும் விதம் எளிது. மாவின் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றின் மேற்பரப்பு முழுவதும் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். பிறகு மாவை வாரி எடுத்தால் எண்ணெயும் அதோடு வந்துவிடும். தரையில் எண்ணெய் சிந்தினால் நாம் சாம்பலையோ மாவையோ தூவித் துடைப்பதில்லையா? அதே முறைதான்.

செய்முறையைச் சொல்கிறோம். முடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமிருந்தால் மாவு பசையாகிவிடும். இரண்டு தேக்கரண்டி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கரிய முடியில் வெள்ளை தெரியாமலிருக்கச் சிறிது கொக்கோத் தூளைக் கலந்துகொள்ளலாம். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் வேரருகில் கொஞ்சமாகத் தொட்டு வையுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு தலையைக் குனிந்து நன்றாக வாரி உதறுங்கள். அடுப்பங்கரையில் இதைச் செய்யக் கூடாது. காற்றில் பறக்கும் மாவு நெருப்பைப் பற்றிக்கொள்ளும். பிள்ளைகள் மூச்சில் மாவு போகாதபடி முகத்தைத் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள். இழுப்பு நோய் உள்ளவர்களுக்கு வேண்டாம். முகத்துக்குப் போடும் டால்க் பவுடரைத் தலையில் கொட்டவும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதன்று.

இன்னொன்று. தேங்காயெண்ணெய் வைத்து அழுந்த வாரிய தலையில் இது பயன்படாது. மாவும் எண்ணெயும் சேர்ந்து கட்டி கட்டியாகிவிடும். தண்ணீர் வராது என்று முன்பே தெரிந்த நாளில் எண்ணெய் வைக்காமல் இருப்பதே முறை.

இதன் எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள். உலர் ஷாம்பூ தலைமுழுக்குக்கு ஈடாகாது. அது எண்ணெயை மட்டுமே குறைக்கும். வியர்வையின் உப்பும் அழுக்கும் தோலிலேயே தங்கும். பேனை அது கொல்லாது. அதற்குப் பேன் சீப்பும் மருந்தும் வேண்டும். புண்ணோ படையோ உள்ள தலையில் தூவக் கூடாது. ஓரிரு நாளைக் கடத்த உதவும். அதற்குமேல் தண்ணீரும் சீயக்காயும்தான். நாள்தோறும் தூவி வந்தால் மாவு தோலில் படிந்து அரிப்பைத் தரும்.

காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு, பிள்ளை பெற்று ஓய்ந்திருக்கும் தாய்க்கு, எழுந்து நடக்க முடியாத முதியவருக்கு, குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்கு இது உதவும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் வரி கட்டிப் பூசிய பொருள், இன்று நம் வீட்டு மாவு டப்பாவில் இருக்கிறது.

அந்தச் சிறுமியின் கதையை முடித்துவிடுகிறோம். அடுத்த திங்கட்கிழமை, எந்த வகுப்பின் முன் அவளைக் கேட்டோமோ அதே வகுப்பின் முன் நின்று, "அன்று டீச்சர் பேசியது தவறு" என்று சொன்னோம். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் வீட்டுக்குப் போகும்போது மட்டும், "முடி வளர்ந்துரும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வளரவும் செய்தது. ஆறாம் ஆண்டில் அவள் மறுபடியும் இரட்டைப் பின்னல் போட்டாள். நம் வகுப்பு அலமாரியில் அன்று முதல் ஒரு டப்பா சோள மாவும் சீப்பும் இருக்கின்றன. வேண்டிய பிள்ளை கேட்டு வாங்கிக்கொள்ளும், யாரும் சிரிப்பதில்லை. தலை பார்க்கும் வழக்கத்தை நாம் விட்டுவிடவில்லை. ஆனால் பிள்ளையைத் தனியே அழைத்து, "வீட்டில் தண்ணீர் வந்ததா?" என்று கேட்டுவிட்டுத்தான் பார்க்கிறோம்.

தாய்மார்களே, தண்ணீர் வராத நாளுக்கு ஒரு பிடி மாவு கைகொடுக்கும். ஆனால் தண்ணீர் வருவதே பிள்ளைகளின் உரிமை. குழாய் வறண்டால் பத்து வீடாகச் சேர்ந்து தோட்ட நிர்வாகத்திடம் முறையிடுங்கள். தூய்மையைப் பிள்ளைகளிடம் கேட்கும் நாம், அதற்கு வேண்டியதை அவர்களுக்குத் தேடித் தருவோம்.